வெயிலில் எய்த அம்பு

வியாழக்கிழமை கொழுந்து நிறுத்து முடித்து, மூட்டைகளை ஏற்றக் காத்திருந்தோம். லோரி வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தது. ஓட்டி வந்தவர்தான் வேறு ஆள். அவர் இறங்கித் தொப்பியைக் கழற்றிவிட்டு, சவரிமுத்து அண்ணன் விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து தவறிவிட்டார் என்று சொன்னார். நான் கூடையை இறக்கிவிட்டுத் தேயிலைச் செடியோரம் உட்கார்ந்து அழுதேன். இந்த மனிதருக்காக ஒரு நாள் அழுவாய் என்று முன்பெல்லாம் யாராவது சொல்லியிருந்தால், அந்தக் கூடையாலேயே சொன்னவரை அடித்திருப்பேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சவரிமுத்து அண்ணன் எங்கள் தோட்டத்துக் கொழுந்து லோரியை ஓட்டியவர். பிரிஞ்சாங் டவுனுக்குப் போனால் பாதி லயத்து வீடுகளுக்கு மருந்தும் துணியும் வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூங்கில் வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய்விடுவார். காட்டில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று துப்பாக்கிக்கு அனுமதி கிடைக்காத காலம் அது. லயத்துக்குப் பின்னால் நாங்கள் போட்ட சேம்பையும் சக்கரைவள்ளியையும் பன்றிகள் விட்டுவைக்காது. அதனால் வில் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல மரியாதை இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, என் வீட்டுக்காரர் முனியாண்டியும் வேட்டைக் கூட்டத்தோடு போனார். புதருக்குள் நுழைந்து பன்றியைக் கலைத்துவிடுவது அவர் வேலை. பெரணிப் புதர் அசைந்தது, அம்பு பாய்ந்தது. பாய்ந்த இடம் என் வீட்டுக்காரரின் முழங்காலுக்கு மேலே. எய்தவர் சவரிமுத்து அண்ணன்.

வில்லை அங்கேயே போட்டுவிட்டு, அவரை முதுகில் சுமந்து தோட்டத்து ஆஸ்பத்திரிவரை இறக்கிக் கொண்டுவந்தார். தோட்டத்துத் துரையிடம் போய் அம்பு என்னுடையது என்று தானே சொன்னார். என் வீட்டுக்காரர் படுத்திருந்த காலமெல்லாம் எங்களுக்கு விறகு வெட்டிப் போட்டார். எல்லாம் சரிதான். ஆனால் யார் கேட்டாலும், "பனி மூடிருச்சு, ஒண்ணும் தெரியல" என்பார். என் வீட்டுக்காரரும் அதையே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்மேட்டில் மரம் மரமாகத் தெரிந்தது. பனியா வந்து வில்லை வளைத்தது? என் புருஷன் ஆயுசுக்கும் நொண்டி நடக்கிறார். என் தப்பு என்று எய்தவர் வாயால் ஒரே ஒரு வார்த்தை வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

வில்லையெல்லாம் கொளுத்திவிடச் சொன்னார் துரை. சவரிமுத்து அண்ணன்தான் மன்றாடி ஒரு வழி கண்டுபிடித்தார். வருடா வருடம் பொங்கல் கழிந்த ஞாயிறு, வில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பந்துத் திடலுக்கு வர வேண்டும். ஓரத்துப் பெரணிக்குள் இரண்டு சாக்குப் பொம்மைகள் இருக்கும். ஒன்றில் கரியால் பன்றி வரைந்திருக்கும். மற்றதற்குச் சட்டை மாட்டியிருக்கும். பாறைக்குப் பின்னால் ஒருவர் கயிற்றை இழுப்பார்; எது எழும்பும் என்று தெரியாது. சட்டையை எய்தவர் அந்த வருடம் காட்டுக்குள் போகக் கூடாது. அவர் வில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். அடிபட்டவர் வீடு எங்கள் வீடுதானே.

பொம்மைக்கு மாட்ட என் வீட்டுக்காரரின் பழைய சட்டையைக் கேட்டுச் சவரிமுத்து அண்ணன் வந்தபோது, முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டார்!

வருடத்துக்கு வருடம் கூட்டம் சேர்ந்தது. திரிங்காப் தோட்டக்காரர்களும் லெம்பா பெர்த்தாம் ஊர் ஆட்களும் வந்தார்கள். பூர்வகுடி வேட்டைக்காரர்கள் அம்பு ஊதி எய்யும் குழலோடு வந்து உட்கார்ந்து, எங்கள் ஆட்கள் குறி வைப்பதைக் கண்டு சிரித்தார்கள். ஆண்கள் போட்டி போட்டார்கள், நாங்கள் சோறாக்கினோம். யாருக்காவது வில் பறிபோனால் அடுத்த பொங்கல்வரை அவரைக் கேலி செய்தே கொன்றுவிடுவோம்.

எண்பதுகளில் ஒரு வருடம். வெயில் சுள்ளென்று அடித்தது. சவரிமுத்து அண்ணன் முறை வந்தது. பெரணி அசைந்தது. அடுத்த நொடி சட்டையின் நெஞ்சில் அம்பு நின்றது. ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். கயிறு மாட்டிக்கிச்சு லா, இன்னொரு தடவ எய்யுங்க என்றார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

சவரிமுத்து அண்ணன் நான் சோறு போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்தார்.

"கை முந்திருச்சு தங்கச்சி" என்றார். "அன்னிக்கும் இப்படித்தான். பனியெல்லாம் ஒண்ணுமில்ல. கண்ணு பாக்குறதுக்குள்ள கை விட்டுருச்சு. இத்தனை வருசமா பனி மேல பழி போட்டுட்டேன்."

வில்லை நீட்டினார். அவரைத் திட்ட வேண்டும் என்று வருடக்கணக்காக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் "சோறு ஆறுது, உக்காருங்கண்ணே" என்றேன். அதுவரை அவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை.

வருடம் முடிந்தும் வில்லைக் கேட்டு அவர் வரவில்லை. கொடுத்தனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பிறகு கயிறு இழுப்பது அவர் வேலையாயிற்று. புதிதாக வில் எடுத்து வரும் ஒவ்வொருவரிடமும் முனியாண்டியை எய்த கதையைப் பனி இல்லாமல் சொல்வார். கேட்க எனக்கே சங்கடமாக இருக்கும். போதும் விடுங்கண்ணே என்றால், "இருக்கட்டும் தங்கச்சி, கேக்கட்டும்" என்பார். அந்தக் கூட்டம் தொடங்கிய பிறகு எங்கள் மலையில் ஒரு மனிதர் மேலும் அம்பு படவில்லை. அது அவரால்தான்.

சனிக்கிழமை அடக்கம். தேவாலயத்திலிருந்து கல்லறைவரை ஒரே இறக்கம். பெட்டியைத் தூக்க என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார். அண்ணனின் பிள்ளைகள் அவர் காலைப் பார்த்துத் தயங்கினார்கள்.

"என்னைய சொமந்து எறக்குன மனுசன்யா" என்றார். "நகருங்க."

அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. தோள் மாற்ற வந்தவர்களை அவர் விடவில்லை. மற்ற மூவரும் அவர் நடைக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டார்கள். நான் பின்னாலேயே நடந்தேன்.

மெதுவாகப் போவோம் அண்ணே. அவசரம் ஒன்றும் இல்லை.