மலைக்கு மாலை

கல்லூரியில் முப்பத்து மூன்று வருடம் பௌதிகம் நடத்தினேன். வானத்தில் சுற்றும் நான்கு செயற்கைக்கோள்களை வைத்துக்கொண்டு, பூமியில் ஒரு மனிதன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று கண்டுபிடிப்பதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் என் மச்சான் வீட்டுக்கு வழி எனக்குத் தெரியாது. என் மனைவியின் அண்ணன் அவர்.

துறையூருக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சிற்றூரில் அவர் வீடு கட்டிப் பதினெட்டு வருடம் ஆகிறது. கிரகப்பிரவேசப் பத்திரிகை எங்களுக்குத் தபாலில் வந்தது. வீட்டு மாப்பிள்ளையை நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை என்பது என் குறை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடியே இருந்தேன். தபாலில் அனுப்பியதற்கு அவர் ஒருமுறை போனில் ஏதோ காரணம் சொன்னார். நான் சரியாகக் கேட்கவில்லை. இப்போது அந்தக் காரணம் என்னவென்று நினைவிலும் இல்லை.

அவர் மட்டும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். என் மனைவி வருடத்துக்கு இரண்டு தடவை தனியாகப் போய் வருவாள். சத்திரம் பேருந்து நிலையத்தில் அவளை இறக்கிவிடுவேன். திரும்பி வரும்போது அங்கேயே போய் ஏற்றிக்கொள்வேன். அங்கிருந்து எந்த பஸ், எங்கே மாறணும் என்றுகூடக் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் மகன் போன் செய்தான்.

"மாமா, அப்பா போயிட்டாரு. மூணு மணிக்கு ராகுகாலம் வந்துடுது, அதுக்குள்ள எடுத்துடணும்ங்கிறாங்க. அத்தை வந்து வாய்க்கரிசி போடணும். வண்டியிலதானே வரீங்க? வழி சொல்லட்டுமா?"

"வேண்டாம், தெரியும்" என்றேன்.

நான் நம்பியது ஒரு பழைய மடிக்கணினியை. அதோடு சேர்ப்பதற்குக் கட்டைவிரல் அளவில் ஒரு ஜிபிஎஸ் கருவி வைத்திருந்தேன். ஒயரில் மாட்டி டாஷ்போர்டில் ஒட்டிவிட்டால், திரையில் இருக்கும் வரைபடத்தில் ஒரு நீல அம்பு நாம் போகிற இடமெல்லாம் நகரும். வரைபடம் உள்ளேயே இருப்பதால் இன்டர்நெட் தேவையில்லை. போன் திரை என் கண்ணுக்குப் பற்றாது, மலைப்பக்கம் டவரும் கிடைக்காது என்றெல்லாம் மனைவியிடம் விளக்கினேன். அந்த வரைபடத்தை எந்த வருடம் இறக்கிவைத்தேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. சார்ஜும் இல்லை. அது ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் முந்தானையில் அரிசியை முடிந்துகொண்டு, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டுக்கிட்டே போயிடலாமேங்க. துறையூர் தாண்டிட்டா எனக்கே தெரியும்" என்றாள்.

வழி கேட்டால், யார் வீட்டுக்கு என்பார்கள். இழவு வீட்டின் பெயரைச் சொன்னால், நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்பார்கள். தங்கை புருஷன் என்று சொல்லிவிட்டு, வீடு தெரியாது என்று எப்படிச் சொல்வது. எனக்கு வேண்டியிருந்தது வழிகூட அல்ல. யாரையும் கேட்காமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கொள்ளிடம் பாலம் ஏறும்போது மணி ஒன்று. கணினி அவள் மடியில் இருந்தது. அதன் அடிப்பக்கம் கொதிக்கும். டவலை மடித்துக் கீழே வைத்துக்கொண்டாள். பின்சீட்டில் பெரிய ரோஜா மாலை. துறையூர் வரை எல்லாம் சரியாகவே நடந்தது. அதைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். அங்கே சாலை இரண்டாகப் பிரிந்தது.

"இடது பக்கம் திரும்புங்க. பஸ் இப்படித்தான் போகும்" என்றாள்.

அம்பு நேராகப் போகச் சொன்னது.

"பஸ் ஊர் ஊரா நின்னு ஆள் ஏத்துறதுக்காகச் சுத்திப் போகும். இது குறுக்கு வழி. மூணு கிலோமீட்டர் மிச்சம்."

"நான் அந்த வழியில போனதே இல்லீங்க."

"நீ போனதில்லைன்னா ரோடு இல்லாமப் போயிடுமா?"

அங்கே மரத்தடியில் ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியை இறக்கினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"எங்க போகணும் சார்?"

"சும்மாதான். மலையப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றேன்.

அவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். "மலைக்கு மாலை போடப் போறீங்களா சார்?" என்று சிரித்தார். பிறகு கத்தியாலேயே காட்டினார். "மலைதானே? நேரா போங்க. ரோடு எங்க முடியுதோ அங்க மலை."

பொய்க்கு அது சரியான பதில். நான் மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா, அவரும் நேராத்தான் சொல்றார்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியாள் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

தார்ச்சாலை கொஞ்ச தூரத்தில் மண்பாதையானது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் கொல்லை. பிறகு அதுவும் போய் வெறும் கரட்டு நிலம். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று நான் கேட்டபடி இருந்தேன். அவள் திரையைப் பார்த்து வாசித்தாள். நாலு, மூணரை, மூணு. இரண்டரை என்று அவள் சொன்னபோது பாதை முடிந்தது. எதிரே ஒரு கல்குவாரி. கைவிடப்பட்டுப் பல காலம் இருக்கும். அடியில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. என் வரைபடத்தில் குவாரி இல்லை. அம்பு அந்தப் பள்ளத்தின் மேல் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. மறுகரைக்கு அப்பால் தென்னை மரங்களும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன.

"அந்தத் தொட்டிதான். அதுக்குப் பின்னாடி தெரு" என்றாள்.

இறங்கி ஓரம் வரை நடந்து பார்த்தேன். எழுபத்து நான்கு வயதில் அதில் இறங்கி ஏற முடியாது. அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. போனில் டவர் இல்லை. வண்டியைத் திருப்பவே நாலைந்து முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. அப்போது அந்தப் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு மூன்று, பிறகு சரம்.

அவள் கணினியை மூடினாள். "எடுத்துட்டாங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டை விட்டு எடுத்துவிட்டால் அவளுக்கு அண்ணன் முகம் அவ்வளவுதான்.

திரும்பி வந்து, அவள் சொன்ன இடது பக்கம் போனோம். பங்கிலிருந்து பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. பந்தலில் நாற்காலிகள் கலைந்து கிடந்தன. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த ஈரத்தில் கால் வைத்து அவள் உள்ளே போனாள். நான் பதினெட்டு வருடம் மிதிக்க மறுத்த வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

ஒரு பெரியவர் வந்து, "மாப்பிள்ளை, உங்களுக்காகத்தான் கடைசி நிமிஷம் வரைக்கும் வச்சிருந்தோம். நீங்க காட்டுக்குப் போங்க. இன்னும் மூடியிருக்க மாட்டாங்க" என்றார்.

அதைக் கேட்டு அவள் வெளியே வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அரிசி முழுவதையும் என் கையில் கொட்டினாள்.

"எனக்கும் சேத்துப் போட்டுட்டு வாங்க."

சுடுகாட்டில் முகத்தை வறட்டியால் மூடப் போகும் நேரம். யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். "நிறுத்துங்கப்பா, மாப்பிள்ளை வந்துட்டாரு. வழி விடுங்க." கூட்டம் விலகியது. முகத்துணியை எனக்காக விலக்கினார்கள். நேரில் வந்து அழைக்கவில்லை என்று நான் சண்டை போட்டேனே, அந்த மரியாதை குறைவில்லாமல் கிடைத்தது. அரிசியைப் போட்டேன். கைக்குட்டையால் கட்டியிருந்த வாய், அதன் மேல் விழுந்த அரிசி, இவை நினைவிருக்கின்றன. அதற்கு மேல் என் கண் ஏறவில்லை. முகத்தை நான் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். காரை எடுக்கவா என்று கேட்கத் துணிவில்லை. சத்திரத்தில் பஸ் ஏறினோம். டிக்கெட்டை அவளே எடுத்தாள். துறையூரில் பஸ் மாறினோம். பெட்ரோல் பங்க் தாண்டி அது இடது பக்கம் திரும்பியது. மரத்தடியில் அந்த இளநீர்க்காரர் இருந்தார். நான் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஷேவ் பண்ணி விட்டிருந்தாங்களா?"

"யாருக்கு?"

"அண்ணனுக்குத்தான். கை நடுங்குது, பத்து நாளா ஷேவ் பண்ண முடியலைன்னு போன்ல சொல்லிக்கிட்டு இருந்துச்சு. தாடியோட இருக்கப் பிடிக்காது அதுக்கு."

"பண்ணியிருந்தாங்க" என்றேன். "தூங்குற மாதிரி இருந்தாரு."

அவள் தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் மச்சானின் மகன் என் பக்கத்தில்தான் இருந்தான். சாப்பாடு பரிமாறினான், மாமா மாமா என்று விசாரித்தான். கடைசி நாளில் அப்பாவுக்கு யாராவது ஷேவ் செய்துவிட்டார்களா என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கிறீர்கள், நீங்கள்தான் பார்த்தீர்களே என்று அவன் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.