கீறல் விழாத சைக்கிள்

இன்றும் யார் வீட்டு சோபாவிலாவது உட்காரும்போது, பிரிக்காத பாலிதீன் கவர் அடியில் மொறமொறவென்று நசுங்கினால், எனக்கு ஸ்டெல்லா டீச்சர் ஞாபகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையில் நான் மெக்கானிக். பஞ்சர், வீல் பெண்டு, பிரேக் கட்டை, இதுதான் எங்கள் உலகம். அந்த உலகத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கம் ஆல்பர்ட் சார் ஒரு மவுண்டன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன் சக்கரத்தைக் கவ்வி நிற்கும் போர்க்கில் ஷாக் அப்சார்பர். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அனுப்பியது. சிட்லபாக்கத்தில் ஏது மலை என்று கேட்கக் கூடாது. ஏரிக்கரை இருக்கிறதே, போதாதா?

பின்னாலேயே அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர். மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர்.

"அண்ணா, சீட்டை மட்டும் இறக்கிக் குடுங்க. எனக்குக் கால் எட்டல. பஸ்ஸை நம்பி தினமும் லேட். நாளைக்கும் லேட்டா வந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க."

"நீ சும்மா இரு ஸ்டெல்லா. இதுல சாதா ஸ்பேனர் படக் கூடாது" என்று சார் ஒரு பெட்டியைத் திறந்தார். "வீட்லயே சர்வீஸ் பண்ற செட்டு. மாசக் கணக்கா பண்ணிப் பாத்துட்டேன். சீட்டும் இறங்கல, ஷாக்கும் அமுங்கல."

ஷாக்குக்குக் காற்றடிக்கும் குட்டிப் பம்ப், ஆயில் சீலைத் தட்டி உட்கார வைக்கும் சீல் டிரைவர், சீட்டைத் தாங்கும் கம்பியை, அதாவது சீட் போஸ்ட்டை, கீறாமல் கவ்வும் ரப்பர் வாய்க் கிளாம்ப். ஒவ்வொன்றும் தனித்தனிக் கவருக்குள், தொட்டில் குழந்தைபோல.

எங்கள் முதலாளி தேவராஜ் அண்ணா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்னா சார் இது, ஆபரேசன் சாமான் மாதிரி கீது!"

"கையைத் துடைச்சுட்டுத் தொடுங்க."

"எங்க கடைத் துணியில தொடச்சா இன்னும் அழுக்காவும் சார்."

சீட் போல்ட்டைத் தளர்த்தி, கிளாம்ப்பை மாட்டி மூன்று ஆண்கள் தொங்கினோம். சீட் மயிரளவும் அசையவில்லை. "ரிவர்ஸ் திரெட்டா இருக்கும்" என்றார் முதலாளி. சீட் போஸ்ட்டில் திருகும் மரையே கிடையாது. "நம்ம ஊரு உப்புக் காத்து அலுமினியத்துக்கு ஒத்துக்கல" என்றார் சார். நான் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, சீல் டிரைவரை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தேன்.

டீச்சர்தான் குனிந்து சைக்கிளைப் பார்த்தார். போஸ்ட் பிரேமுக்குள் இறங்கும் இடத்தில், ரவிக்கைக் கை சுருக்கம் மாதிரி, வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"இது என்னங்க?"

"பேக்கிங் கவர். ஸ்கிராட்ச் ஆகக் கூடாதுன்னு கவரோடவே இறக்கிட்டேன்."

தேவராஜ் அண்ணா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "ஷாக்குல?"

"ரப்பர் உறைக்குள்ள... கொஞ்சமா சுத்தி வெச்சிருக்கேன்."

டீச்சர் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். அந்தச் சுருக்கத்தில் மாட்டி இழுத்தார். நார் நாராகக் கிழிந்து வந்தது பாலிதீன். பிறகு சீட்டைப் பிடித்து ஒரு திருகு, சர்ரென்று இறங்கியது. ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கி அங்கேயும் உருவிவிட்டு, ஹேண்டில்பாரை அழுத்தினார். இத்தனை மாதம் மூச்சடக்கி நின்ற போர்க் முதல் தடவையாக அமுங்கி எழுந்தது.

இன்று வீட்டிலேயே ஷாக் சர்வீஸ் செய்யப் பெட்டி பெட்டியாக டூல்ஸ் வரவழைக்கும் தம்பிகளே, அன்று நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தது பெட்டியைத்தான். சைக்கிளை ஒருவரும் பார்க்கவில்லை.

"போஸ்ட்டுல கீறல் விழுந்துடுச்சே" என்று ஆல்பர்ட் சார் விரலால் தடவினார்.

டீச்சர் சீட்டின் மேலிருந்த கவரையும் உரித்து அவர் சட்டைப் பையில் திணித்தார். ஏறி உட்கார்ந்தார். கால் எட்டியது.

"ஸ்டெல்லா, ரோடெல்லாம் கல்லு. இறங்கு, நான் தள்ளிட்டு வரேன்."

"நான் ஸ்கூல் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வரேன். நீங்க பெட்டியைத் தூக்கிட்டு நடந்து வாங்க. பாத்து... கீறல் விழுந்துடப் போகுது."