அக்காவின் எண்ணெயில் பிழையில்லை

சாவுச் செய்தி வந்தபோது நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை முழுக்கு. என் தலையில் இப்போது எண்ணெய்க்குத்தான் இடம் இருக்கிறது, முடிக்கு இல்லை. "இராசமலர் அக்கா விடிய மோசம் போயிட்டாவாம்" என்று மனைவி கிணற்றடிக்கு ஓடி வந்தாள். உள்ளங்கையில் இருந்ததும் அக்கா பிழிந்த எண்ணெய்தான். தேய்ப்பதா, கழுவுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

நீர்வேலியில், ஊருக்கே அக்காவான அவரின் மின்செக்கை அறியாதவர்கள் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். தேங்காயோ, எள்ளோ, வேப்பங்கொட்டையோ, எதைப் பிழிந்தாலும் போத்தலில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, என்ன எண்ணெய், எப்போது பிழிந்தது என்று தன் கையால் எழுதித்தான் தருவார். ஒருமுறை, "அக்கா, முடி வளர ஒண்டு தாங்கோ" என்று கேட்டேன். என் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, நான் எண்ணெய்தான் விக்கிறன். அற்புதம் வேணுமெண்டால் கோயிலுக்குப் போ" என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சில வருடங்களுக்கு முன் என் மகளுக்குக் கை மடிப்பில் தோல் காய்ந்து வெடித்தது. ஒரே சொறிச்சல். அக்கா தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து தந்தார். "முதல்லை ஒரு இடத்திலை ஒரு சொட்டு. ஒருநாள் பார். சிவந்தால் விட்டிடு. புண் கசிஞ்சால் என்னட்டை வராதை, டொக்டரிட்டைப் போ." எல்லோருக்கும் இதைத்தான் சொல்வார். பிள்ளைக்குக் குணம் தெரிந்தது. ஆனால் வேப்பெண்ணெய் மணம் உங்களுக்குத் தெரியும்தானே. "அப்பா, வகுப்பிலை எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கினமில்லை" என்று அழுதாள்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பத்தாம் வகுப்போடு ஓய்வெடுத்த மூளை அது. கனடா மச்சான் கொண்டுவந்து தந்த வாசனைச் சென்ற் அலுமாரிக்குள் இருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் அதில் அரைவாசியை எண்ணெய்ப் போத்தலுக்குள் ஊற்றிக் குலுக்கினேன். அடுத்த நாள் பிள்ளையின் இரண்டு கைகளும் சிவந்து வீங்கிவிட்டன. "என்னப்பா பூசினீங்கள்?" என்று மனைவி கத்தினாள். "அக்காவின்ரை எண்ணெய்தான்" என்றேன். அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுக்க, மகளையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு செக்கடிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கே ஏழெட்டுப் பேர் எண்ணெய்க்கு நின்றார்கள்.

அக்கா மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"தம்பி, இதுக்குள்ளை ஏதும் விட்டனியோ?"

"இல்லையக்கா."

"வடிவா யோசி."

"பிள்ளையாணை இல்லை!" என்று மகளின் தலையில் கையை வைத்தேன்.

அக்காவின் முகம் மாறியது. என் கையைப் பிடித்துப் பிள்ளையின் தலையிலிருந்து எடுத்தார். "பிள்ளையிலை ஆணை வையாதை. சரி, என்ரை பிழைதான். நான் கலந்ததுதான் பிழைச்சுப்போச்சு. முதல்லை இவளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோ." ஏழெட்டுப் பேரும் கேட்டார்கள்.

பொய்ச்சத்தியம் பிள்ளையைத் தொடக்கூடாது என்றுதான் அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அது எனக்கு ஆசுப்பத்திரி வாங்கில் குந்தியிருக்கும்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் வாய் திறக்கவில்லை. மகளுக்கு ஒரு கிழமையில் சுகமானது. அக்காவிடம் தோலுக்கென்று எண்ணெய் கேட்டுப் போகிறவர்கள் இல்லாமல் போனார்கள். "இராசமலரின்ரை எண்ணெய் ஒரு பிள்ளையை எரிச்சுப்போட்டுதாம்" என்று சந்தையில் என் காதுபடக் கதைத்தார்கள். நான் ஒரு வாழைக்குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா என் மனைவியிடம் ஒரு போத்தல் கொடுத்து அனுப்பியிருந்தார். கடதாசியில், "தேங்காய் எண்ணெய். வேறொன்றும் சேர்க்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது. "அக்கா ஏன் இப்பிடி எழுதியிருக்கிறா?" என்று மனைவி கேட்டாள். எனக்குத் திடீரென்று கோழிக்குத் தீன் போடும் வேலை வந்துவிட்டது.

அக்கா படுக்கையில் விழுந்தபின், உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அரை மணித்தியாலம் மழையைப் பற்றிக் கதைத்தேன். "பிள்ளையின்ரை கை எப்பிடி?" என்று அவரே கேட்டார். "சுகமக்கா." "அது காணும், வேறொண்டும் வேண்டாம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் எழும்பி வந்துவிட்டேன்.

அக்காவின் தம்பி மலருக்கு "நாலு நல்ல வார்த்தை எழுதித் தாங்கோ அண்ணை" என்று கேட்டார். நான் எழுதியதை மகள்தான் தட்டச்சுச் செய்தாள். ஆணை வைத்த இடம் வந்ததும் அவள் விரல் நின்றது. "அப்பா, அக்காவின்ரை எண்ணெய்தான் எரிச்சதெண்டு நானும் பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சொன்னனான்" என்றாள். பிறகு, "இதை எடுத்துவிடட்டோ? சனம் வாசிக்கும்" என்றாள். "சனம் வாசிக்கத்தான் பிள்ளை" என்றேன்.

ஆகவே, அன்று செக்கடியில் நின்ற உங்களுக்கும், நீங்கள் சொல்லக் கேட்டவர்களுக்கும் சொல்கிறேன்: அக்காவின் எண்ணெயில் பிழையில்லை. சென்ற் ஊற்றியவன் நான்.

அன்று மனைவியிடம் அவர் கொடுத்தனுப்பிய போத்தல் எப்போதோ முடிந்துவிட்டது. கழுவி, அலுமாரியில் சென்ற் இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். கடதாசியில் அவர் எழுத்து இன்னும் அழியவில்லை.