செக்கிங் டேபிளில் வந்த பூ

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கம்பெனி. கம்பெனி என்றால் ஓர் எம்பிராய்டரி மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், துணியில் ஓட்டை பார்க்கும் செக்கிங் டேபிள், அவ்வளவுதான். பால்கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட் எரியும் அந்த மேசை பாதி அறையை அடைத்துக்கொண்டது. "இதெதுக்கு அம்மிணி, கட்டிலாட்டம்?" என்று நான் புலம்பாத நாளில்லை. முதலாளி என் மனைவி. பல வருடம் பிறர் கம்பெனியில் தைத்துவிட்டு அப்போதுதான் சொந்தமாகத் தொடங்கியிருந்தாள்.

முதல் ஆர்டருக்கான சாம்பிளைப் பார்க்க அன்று சாயங்காலம் ஏஜெண்ட் வருவதாக இருந்தது. குழந்தைச் சட்டையின் நெஞ்சில் ஒரு பூ. பிடித்தால்தான் ஆர்டர். பூவை அவள் கம்ப்யூட்டரில் பாதி வரைந்திருந்தபோது மானிட்டர் இருண்டது. அணைத்துப் போட்டால் ஒரு கணம் படம் வரும், உடனே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை, கடைகளெல்லாம் பூட்டு. டிவியில் மாட்டலாமென்றால் பழைய ஒயர் அதில் சேரவில்லை.

"விடு, நாம்பாத்துக்கறேன்" என்று ஜம்பமாக உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் எது மக்கர் செய்தாலும் முதல் வைத்தியம் ஏர்கன்னால் காற்றடிப்பது. அடித்தேன். பனியன் பஞ்சு வந்தது, படம் வரவில்லை. செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தபோது திரைக்குள் பூ மங்கலாகத் தெரிந்தது. படம் இருக்கிறது, பின்னாலிருக்கும் விளக்குதான் போயிருக்கிறது. கழற்றினேன். உள்ளே இருந்த மெல்லிய குழல் விளக்குகளில் ஒன்று முனையில் கருகிக் கிடந்தது. ஒன்று போனால் மற்றதும் எரியாது. மாற்று விளக்குக்கு எங்கே போவது? அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவளோ, "ஏனுங்க, வெளிச்சந்தானுங்க போச்சு? நம்ம டேபிள்ல இல்லாத வெளிச்சமுங்களா?" என்றாள்.

கண்ணாடித் திரையை மட்டும் ஒயரோடு பிரித்து மேசைமேல் பதமாகப் படுக்க வைத்தோம். டியூப்லைட்டைப் போட்டதும் பூ பளிச்சென்று வந்தது. நான் கத்தியே விட்டேன். அவள் மவுஸை எடுத்து, வழக்கமாகத் துணியில் ஓட்டை தேடுவதுபோலவே குனிந்து, மீதி இதழ்களை வரைந்து முடித்து மெஷினுக்கு அனுப்பினாள்.

ஏஜெண்ட் வந்தபோது மெஷின் கடைசி இதழைத் தைத்துக்கொண்டிருந்தது. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நல்லாருக்குதுங்க, ஆர்டர் உங்களுக்குத்தானுங்க" என்றார். பிறகு மேசையில் கிடந்த திரையைப் பார்த்து, "இதென்னங்க, புது மாடலுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் என் மனைவி. "எங்கூட்டுக்காரரு இந்த டேபிளைக் கட்டில்னு சொல்லுவாருங்க."