துக்க வீடே முதல் வீடு

ரூபி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கரமனைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தேன். போனில் சொன்னவர் நம் பாடகர் குழுத் தலைவர் ஸ்டீபன். அழுது முடித்ததும், "அப்போ இந்த வருசம் கேரல் ரவுண்டுக்கு அக்கா வீட்ட என்ன செய்ய?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அக்காவும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பெல்லாம் சாவு நடந்த வீட்டில் அந்தக் கிறிஸ்மசுக்கு நட்சத்திரம் தொங்காது. வீடு வீடாகக் கேரல் பாடப் போகும் நாம் அந்த வாசலருகே டிரம்மை நிறுத்தி, தலைகுனிந்து கடந்துவிடுவோம். அதை மரியாதை என்று நினைத்திருந்தோம். தபால் நிலையத்தில் வேலை பார்த்த அக்கா, சபை மலரில் ஒரே ஒரு கதை எழுதினார். அதில் கணவனை இழந்த ஒருத்தி தெருவுக்கே இறங்கி வந்து, "செத்தது அவருல்லா? எனக்கு மட்டும் இயேசு பொறக்கலியா?" என்று கேட்பாள். பாடகர்கள் வெட்கப்பட்டுத் திரும்பி வந்து, அவள் அடுப்பிலேயே பாலில்லாத கட்டன் சாயா போட்டு அவளுக்குக் கொடுப்பார்கள்.

அந்த டிசம்பரிலேயே நாம் ஒரு துக்க வீட்டுக்கு பிளாஸ்கோடு போனோம். "கதைய வாசிச்சா ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுட்டு அடுத்த பக்கத்த பாக்கணும் மக்கா. நீங்க என்னன்னா சாயாவத் தூக்கிட்டுக் கெளம்பிட்டிய!" என்றார் அக்கா. அவருக்கு உள்ளூரப் பெருமைதான். மறு ஆண்டு முதல் துக்க வீடே நமக்கு முதல் வீடாயிற்று.

கதையில் சாயாவுக்குச் சீனி கிடையாது. நாமும் போடவில்லை. விழிஞ்ஞம் துறைமுக வேலைக்கு வந்து சபையில் சேர்ந்த ஒருவர், அது துக்கத்தின் கசப்புக்கு அடையாளம், நெடுங்கால மரபு என்று அக்காவுக்கே விளக்கினார். அக்கா பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாட வந்தவனுக்கு அந்த வீட்டுல சீனி டப்பா எங்க இருக்குன்னு தெரியாதுல்லா! அதான் போடல்ல." திருத்திச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். என்னவிட நல்லா எழுதிட்டான்."

அவருடைய கணவர் தாசன் அண்ணனுக்கு இதெல்லாம் ஒரு கேலி. "ஒரு கதைய எழுதி ஒரு சபையவே கெடுத்தா" என்பார். அடக்கத்தன்று மட்டும் அவர் கேலி பேசவில்லை. "எங்க வீட்டுக்கு யாரும் வரண்டாம். பாட்டுக் கேட்டா எனக்குத் தாங்காது" என்றார். தாங்காது என்பவரிடம் போய்ப் பாடுவதா? அக்கா தொடங்கியதை அக்கா வீட்டிலேயே நிறுத்துவதா? ஸ்டீபனும் நானும் இரண்டு வாரம் இதற்காகவே சண்டை போட்டோம்.

கடைசியில் போனோம். கேட்டுக்கு வெளியே நின்று, மெதுவாக ஒரு சரணம் மட்டும் பாடினோம். கீழ்ச்சுருதியில் ஆல்ட்டோ பாட அக்கா இல்லாமல் பாட்டு மொட்டையாக ஒலித்தது. திரும்ப எத்தனித்தபோது கதவு திறந்தது. அண்ணன் கேட்டருகே வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஒரு சரணத்தோட ஓடப் பாக்கியளோ? அவ இருந்தா விடுவாளா?" என்றார். பிறகு கேட்டைத் திறந்தார். "கேக்கச் சகிக்கல்ல. ஆனாலும் உள்ள வந்து முழுசும் பாடுங்க."

பாடினோம். அண்ணன் அழுதார், நாங்களும் அழுதோம். ஆனாலும் அது கிறிஸ்மசாகத்தான் இருந்தது.

துக்க வீட்டு வாசலில் என்ன பேசுவதென்று தெரியாமல் திரும்பிப் போகிற ஆள் நான். இன்றும் எனக்கு அது தெரியாது. தெரியாமலேயே உள்ளே போய்விடலாம் என்ற துணிச்சலை அக்காவிடமிருந்து பெற்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.