நாயிஃப் மொழிபெயர்க்காமல் விட்ட பதில்

என் அக்காள் சமீஹாவின் கணவர் நாயிஃப் பாதி ஆயுளை இஸ்ரேல் இராணுவத்தில் கழித்தவர். நாங்கள் துரூஸ், அரபு பேசும் ஒரு சிறு சமயத்தவர்; கார்மெல் மலையில் இருக்கும் எங்கள் ஊரில் இது புதிதில்லை. பெண்பிள்ளைகளைப் படைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆண்பிள்ளை பதினெட்டு முடிந்தால் சீருடை மாட்டியாக வேண்டும். வீட்டில் அரபு, படையில் ஹீப்ரு. இரண்டும் சரளமாக வந்ததால், பாலஸ்தீன ஊர்களுக்குள் படை நுழையும்போதெல்லாம் அத்தானை முன்னால் நிறுத்தினார்கள். அதிகாரி சொல்வதை ஒலிபெருக்கியில் அரபில் சொல்வது அவர் வேலை. கதவைத் திற. கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வா.

அந்த நாட்களில் அவருக்கு அதில் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. "முள்ளை வேரோட பிடுங்கணும் மாப்ள. ஒரு தடவை வலிக்கும், அப்புறம் நிம்மதி" என்பார். ஹைஃபாவில் பாலஸ்தீனர்களின் தற்கொலைக் குண்டுகளில் பேருந்துகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. என்னோடு படித்தவன் ஒருவனும் அதில் போனான். அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது.

ஒருமுறை ஜெனின் பக்கம் ஒரு பாலஸ்தீன அகதி முகாமில், தேடிப்போனவனைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு அவன் தாய் குடியிருந்த வீட்டை இடிக்க புல்டோசர் வந்தது. அவள் செருப்பில்லாமல் தெருவில் நின்றாள். அதிகாரி இளவயதுக்காரர், பண்பாகத்தான் பேசினாராம்.

"இன்னியோட முடிஞ்சுது, இனிமே இந்தத் தெரு அமைதியா இருக்கும்னு சொல்லு."

அத்தான் சொன்னார். அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை.

"உன் பேச்சு எங்க பேச்சாட்டமே இருக்கே. எந்த ஊர் தம்பி நீ?"

அத்தான் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார்.

"சரி விடு. எனக்கு இன்னும் ரெண்டு பசங்க இருக்கானுங்க. இந்த வீட்டுலதான் பொறந்தானுங்க. இடிக்கறதை அவனுங்களும் பாத்துக்கிட்டுத்தான் நிக்கறானுங்க. உன் அதிகாரிகிட்ட இதைச் சொல்லு."

"என்ன சொல்றா?" என்றார் அதிகாரி.

"புரிஞ்சுதுங்கறா" என்றார் அத்தான்.

உள்ளபடி சொல்லியிருந்தால் அந்தப் பையன்களையும் பிடித்துப் போயிருப்பார்கள். ஓய்வு பெற்று, ஹைஃபா துறைமுகத்தில் ஒரு கிடங்குக்குக் காவலாளியாகப் போன பிறகுதான் இதை என்னிடம் சொன்னார்.

அவர் மகன் வஜ்தி டாங்கிப் படையில் இருந்துவிட்டு வந்து, ஊரிலேயே குளிர்சாதனப் பெட்டி பழுது பார்த்துக்கொண்டிருந்தான். 2023 அக்டோபரில் காஸாவிலிருந்து வந்தவர்கள் எல்லை ஊர்களில் வீடு வீடாகப் புகுந்து கொன்றார்கள். அன்றே வஜ்திக்குப் படையிலிருந்து மறுபடி அழைப்பு வந்துவிட்டது.

"இந்தத் தடவை முடிச்சிட்டுத்தான்ப்பா வருவோம்" என்றான் வாசலில்.

அத்தான் அவன் பையைத் தூக்கிப் பார்த்தார். "சாக்ஸ் எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மழைக்காலத்தில் காஸாவின் கான் யூனிஸில் வஜ்தி இருந்த டாங்கி அவனோடு எரிந்தது. அங்கே எத்தனை வீடுகளில் எத்தனை வஜ்திகள் எரிந்தார்களோ, அந்தக் கணக்கு எங்கள் தொலைக்காட்சியில் வரவில்லை.

துக்கம் கேட்க ஊர் மண்டபத்துக்கு இராணுவ உயர் அதிகாரி ஒருவர் வந்தார். வெள்ளைத் தலைப்பாகைப் பெரியவர்கள் இடம் விட்டார்கள். கசப்புக் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்க பையன் வீணாப் போகல. இனிமே நமக்கு அமைதிதான்" என்றார் அவர்.

அத்தான் எழுந்தார். "ஐயா, ஒரு அம்மா சொன்ன பதில் என்கிட்டயே தங்கிப் போச்சு. அன்னிக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன்." பிறகு அந்தத் தாய் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஹீப்ருவில் சொன்னார்.

அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க துக்கம் எனக்குப் புரியுது" என்றார்.

பக்கத்திலிருந்த ஊர் மதப் பெரியவர் ஷேக் அத்தானின் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காருப்பா. வந்தவரைப் புண்படுத்தாதே."

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லல ஷேக். மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு ஊரில் சிலர் அவருக்கு ஸலாம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

பிரிந்த உயிர் அந்தக் கணமே எங்களில் வேறொரு வீட்டில் குழந்தையாகப் பிறக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. கலிலேயாவில் ஒவ்வொரு துரூஸ் ஊராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த நாளில் பையன் பிறந்த வீடு எது என்று அக்காள் விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

"லெபனான்ல பொறந்திருப்பானோ? இல்ல சிரியாவுலயோ?"

"அங்கயும் குண்டுதானே சமீஹா" என்றார் அத்தான்.

அவள் தொலைபேசியை மடியில் வைத்தாள். "பொண்ணாப் பொறக்க வழியே இல்லையா?"

"ஆம்பள ஆம்பளையாத்தான் பொறப்பான். உனக்குத் தெரியாதா?"

அக்காள் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு எண்ணை அழுத்தினாள்.