உப்பு கேட்காத கடல் பாக்டீரியா

கடலடிச் சேற்றிலிருந்து நான் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு உப்பே வேண்டாம் என்று தெரிந்த அன்றுதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது.

கடற்கரைப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்போது ஆராய்ச்சி மாணவி நான். படகில் போய்ச் சேறு அள்ளி வந்து, கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, இதுவரை யாரும் பெயர் வைக்காதது ஏதாவது முளைக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மூன்றாம் வருஷம் ஒரு தட்டில் கடுகளவு ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தன. மரபணு வரிசையை ஒப்பிட்டால் தெரிந்த எந்த இனத்தோடும் ஒட்டவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியை தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "புதுசும்மா இது. எழுத ஆரம்பி" என்றார்.

எழுதுமுன் அது எவ்வளவு உப்பில் வளர்கிறது என்று சோதிக்க வேண்டும். உப்பில்லாத தட்டில் கொழுகொழுவென்று வளர்ந்தது. கடல் அளவு உப்பில் சோணங்கியாகக் கிடந்தது. "ஆத்துத் தண்ணி வந்து கலக்கற இடம்தானே, இருக்கும்" என்றார் பேராசிரியை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

சந்தேகம் என் ஆய்வகத் தோழி மேல் போனது. என் பக்கத்து மேஜையில் அவள் மிளகு வேர் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அந்த மண்ணும் சேர்வராயன் மலையில் என் ஊரான மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்ததுதான். அவள் தட்டிலிருந்து என் தட்டுக்கு ஏதோ தாவியிருக்கிறது, தெரிந்தே வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் அவள் சாப்பிடப் போனதும் அவள் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நோட்டையும் புரட்டினேன். நிமிர்ந்தபோது வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன தேடற?"

"மார்க்கர்."

மார்க்கர் என் கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் கலைத்த தட்டுகளைத் திரும்ப அடுக்கினாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் புறப்பட்டபோது சுத்தமான குப்பிகளை எடுத்துக்கொண்டேன். தோட்டத்து மண்ணில் அதே ஆரஞ்சு இருந்துவிட்டால் அவள் மாட்டிக்கொள்வாள் என்பது என் கணக்கு. மறுநாள் காலையில் எல்லோரும் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, நான் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் குந்திச் சுரண்டினேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த அப்பா பின்னால் வந்து நின்றார்.

"போன தடவையும் மண்ணு, இப்பவும் மண்ணா? எந்தக் கம்பெனிக்காரனுக்குக் குடுக்கறே சாமி?"

"படிப்புக்குத்தானுங்கப்பா."

அவர் நம்பவில்லை. குப்பியை வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

குப்பிகளை வைக்க ஃபிரிட்ஜில் இடம் கேட்டேன். அம்மா மீன் பொட்டலத்தை நகர்த்திக்கொண்டே கேட்டார்: "அப்பறம் போறப்ப ஐஸ் வேணுமில்ல கண்ணு? போன தடவையாட்டம் பாட்டில்ல நம்ம தொட்டித் தண்ணியப் புடிச்சு ஒறைய வெச்சரட்டுமா?"

போன தடவை வீட்டிலிருந்து நேராகப் படகுக்குத்தான் போயிருந்தேன். அம்மா உறைய வைத்துக் கொடுத்த பாட்டில்களையே சேற்றுக் குப்பிகளுக்கு நடுவில் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கியிருந்தேன். ஒரு பாட்டில் விரிசல் விட்டிருந்தது. கரைக்கு வந்தபோது உருகிய தண்ணீர் குப்பிகளின் கழுத்து வரை நின்றது. ஒரு குப்பியின் மூடி லூசாக இருந்ததைப் பார்த்தேன். இறுக்கி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. அதை மறந்துவிட்டேன் என்று இன்று சொல்லலாம். உண்மையில் மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தேன்.

பாறை ஊற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர்தான் எங்கள் தொட்டிக்கு. தொட்டியின் உட்சுவரில் படிந்த வழுவழுப்பைச் சுரண்டிக் குப்பியில் எடுத்தேன். "தொட்டி அவ்வளவு அழுக்காவா இருக்குது?" என்று அம்மாவுக்குக் கோபம். அன்று மத்தியானமே பிரஷ்ஷோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டார்.

ஆய்வகத்தில் வளர்த்தபோது மண் தட்டுகளில் ஆரஞ்சு இல்லை. தொட்டித் தட்டுகளில் நான்காம் நாள் வந்தது. மரபணு வரிசையும் அதேதான். மறுபடி படகில் போய்ச் சுத்தமாக எடுத்த சேற்றில் அது ஒரு புள்ளிகூட வரவில்லை.

பேராசிரியையிடம் எல்லாம் சொன்னேன். "மூடி லூசுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லம்மா?" என்றார். பிறகு கட்டுரையில் கடல் என்று இருந்த இடத்தையெல்லாம் அவரே அடித்தார். இனம் புதுசுதான், ஊர்தான் தப்பு. புது இனத்துக்கான விதிப்படி இரண்டு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேமிப்பு மையங்களுக்கு மாதிரி அனுப்பினோம். சேர்வராயன் மலை ஊற்றுத் தண்ணீரில் கிடைத்தது என்று பதிவாயிற்று. என் பட்டத்துக்குக் கடல் பாக்டீரியா வேண்டும் என்பதால் முதலிலிருந்து சேறு அள்ளினேன். கடைசியில் கிடைத்தது மங்கிய வெள்ளையில் ஒன்று. உப்பில்லாமல் வளராது என்று மூன்று தடவை சோதித்த பிறகுதான் அதை வெளியே சொன்னேன்.

தோழியிடம், "உன்னத்தான் சந்தேகப்பட்டேன்" என்றேன்.

"தெரியும். கேட்டிருந்தா நானே எல்லாத் தட்டையும் காட்டியிருப்பேன்" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. சேர்ந்து டீ குடிக்கப் போனோம். ஆனால் அடுத்த நாள் முதல் அவள் தட்டு அடுக்குகளின் மேல் குறுக்கே காகித டேப் ஒட்டியிருந்தது. டேப்பும் தட்டும் சேரும் இடத்தில், பிரித்தால் தெரியும்படி, அவள் கையெழுத்து. படிப்பு முடித்துப் போகும் வரை அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை.